ஆணியைக் கீழே வையுங்கள்: பழைய மரச்சாமான்களை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி

மர நாற்காலி ஒன்று ஆட ஆரம்பித்ததும் நம் வீடுகளில் முதலில் தேடுவது சுத்தியலைத்தான். மூட்டில் இரண்டு அங்குல ஆணி ஒன்றை இறக்கினால் அன்றைக்கு ஆட்டம் நிற்கும். சில மாதம் கழித்து மறுபடி ஆடும். அப்போது ஆணி போன வழியில் மரமும் பிளந்திருக்கும். என்னிடம் வரும் நாற்காலிகளில் பெரும்பாலானவை வயதால் கெட்டவை அல்ல, ஆணியால் கெட்டவை.

அப்பா ஆசாரி. நாகர்கோவிலில் வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. சின்ன வயதிலிருந்து இழைப்புச் சீவலுக்கு நடுவில் வளர்ந்தவள் நான். புதுச் சாமான் எதுவும் நான் செய்வதில்லை. பழையதைப் பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி பூட்டுவதுதான் என் வேலை. இதில் பாதிக்கு மேல் யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். இரண்டு விஷயம் மட்டும் மனதில் இருக்கட்டும். ஒன்று, அந்தக் காலத்து மரச்சாமான்கள் தேவைப்பட்டால் பிரித்து மாட்டும்படிதான் செய்யப்பட்டிருக்கின்றன. இன்னொன்று, வெட்டி நூறு வருடம் ஆனாலும் மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். அதை அசையவிடாமல் இறுக்கிப் பிடித்தால் உடையப்போவது மரம்தான்.

என்ன மரம், என்ன பூச்சு

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் அயனியும் பலாவும் நிறைய இருக்கும். கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. அங்கே தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் எல்லாம் அரசுக்குச் சொந்தமான ராஜ மரங்கள். சொந்த நிலத்தில் நின்றாலும் நினைத்தபடி வெட்ட முடியாது. ஆகையால் பாட்டி வீட்டு நாற்காலி பழுப்பாக இருக்கிறது என்பதற்காக அது தேக்கு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

தேக்கில் கைவைத்தால் லேசான எண்ணெய்ப் பசை தெரியும். அடியில், கண்ணுக்குப் படாத இடத்தில் சுரண்டினால் பதப்படுத்திய தோல் மாதிரி ஒரு வாசம் வரும். ஈட்டி கனமாக, கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்து கருங்கோடுகளோடு இருக்கும். பலா அறுத்த புதிதில் நல்ல மஞ்சள், வருடம் போகப் போகச் செம்பழுப்பு. அயனி பொன்பழுப்பு, தூரத்திலிருந்து பார்த்தால் தேக்கு மாதிரியே. இது பெருமைக்காகத் தெரிந்துகொள்வது அல்ல. தேக்கின் எண்ணெய்ப் பசைமேல் ஒட்டுப்பசை சரியாகப் பிடிக்காது, அதற்குத் தனிக் கவனம் வேண்டும். இந்த மரங்களில் வைரம் பாய்ந்த நடுப்பகுதியைப் பூச்சி அவ்வளவாகத் தொடாது. வெளிறிய ஓரப்பகுதியை, ஆசாரிகள் வெள்ளை என்பார்கள், அதைத்தான் முதலில் தின்னும்.

முழு மரம்தானா என்பதையும் பாருங்கள். மேற்பலகையின் ரேகை விளிம்பில் திரும்பி அப்படியே கீழே தொடர்ந்தால் முழு மரம். விளிம்பில் தனியாக ஒரு பட்டை ஒட்டியிருந்தால் அது பிளைவுட் மேல் ஒட்டிய மெல்லிய மரத்தோல். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் நிமிடத்தில் அடிப்பலகை தெரிந்துவிடும். இங்கே சொல்வதெல்லாம் முழு மரத்துக்கு.

அடுத்தது பூச்சு. பஞ்சில் பாலிஷ் போடும் ஸ்பிரிட்டைக் கொஞ்சம் நனைத்து, பின்பக்கம் ஒரு மூலையில் அரை நிமிடம் அழுத்தி வையுங்கள். மேற்பரப்பு பிசுபிசுத்து, பஞ்சில் பழுப்பு நிறம் ஏறினால் அது அரக்கு பாலிஷ், அதாவது பிரெஞ்ச் பாலிஷ். பழைய சாமான்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு மட்டும் இளகினால் லாக்கர் என்னும் பூச்சு. இரண்டுக்கும் அசையாவிட்டால் பாலியூரித்தேன் மாதிரி ஏதோ ஒன்று. அதை வீட்டில் எடுப்பது பெரும்பாடு, கீறல் அதிகமில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்ததும் உறிஞ்சிக் கருத்தால் பூச்சே இல்லை, அல்லது எண்ணெய் மட்டும் போட்டிருக்கிறார்கள்.

எனாமல் பெயிண்ட் அடித்த பழைய சாமான் என்றால் ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற மத்திய அரசு விதி 2016-ல் வந்தது, 2017 நவம்பரில் அமலானது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டால் அந்தத் தூசி வீடு முழுக்கப் பரவும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். ரிமூவர் போட்டு ஈரமாகவே சுரண்டி எடுங்கள், வெளியில் வைத்து.

ஆடும் நாற்காலி

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது ஒன்று கைவந்துவிட்டால் முக்காலி, மேஜை, பெஞ்சு, கட்டில் எல்லாம் இதே வழிதான்.

நாற்காலிக் காலில் ஒரு துளை இருக்கும். குறுக்குச் சட்டத்தின் முனையை நாக்குப் போலச் செதுக்கி அதற்குள் செலுத்தியிருப்பார்கள். அந்த நாக்குக்குக் கழுந்து என்று பெயர். பழைய சாமான்களில் உள்ளே வச்சிரப் பசை இருக்கும், மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. வருடக்கணக்கில் ஈரமும் வெயிலும் மாறி மாறிப் படும்போது அது காய்ந்து பொடியாகும், மூட்டு ஆட ஆரம்பிக்கும். அநேகமாக மரம் நன்றாகவே இருக்கும், பசைதான் செத்துப்போயிருக்கும்.

முதலில் எந்த மூட்டு ஆடுகிறது என்று கண்டுபிடியுங்கள். நாற்காலியைத் தரையில் வைத்து, ஒரு முழங்காலை இருக்கையில் ஊன்றி, ஒவ்வொரு காலாகப் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஒரு மூட்டு ஆடினால் அதற்கு எதிர்மூட்டும் பெரும்பாலும் தளர்ந்திருக்கும். ஆடுவதை மட்டும் பிரியுங்கள். கெட்டியாக இருப்பதை வம்புக்கு இழுக்க வேண்டாம்.

பிரிக்கும் முன் பெயிண்டர் டேப் துண்டு ஒட்டி, மூட்டின் இரு பக்கமும் ஒரே எண்ணை எழுதுங்கள். நான்கு சட்டமும் ஒரே மாதிரிதானே என்று தோன்றும். கையால் செய்த சாமானில் எந்த இரண்டும் ஒன்று போல இருக்காது. இடம் மாறினால் ஒன்று நுழையாது, இன்னொன்று லொடலொடக்கும்.

மூட்டின் வெளிப்பக்கம் சின்ன வட்டமோ சதுரமோ தெரிகிறதா என்று பாருங்கள். அது மூங்கில் ஆணி. துளை மறுபக்கம் திறந்திருந்தால் அதைவிடக் கொஞ்சம் மெல்லிய கம்பியை வைத்து மெல்லத் தட்டினால் வெளியே வரும். மறுபக்கம் மூடியிருந்தால் சின்ன டிரில்லால் நடுவில் துளைத்துச் சுரண்டி எடுக்க வேண்டும். முன்னால் யாரோ அடித்த இரும்பு ஆணி இருந்தால் பிடுங்க முயற்சி செய்யாதீர்கள், மரத்தைப் பெயர்த்துக்கொண்டு வரும். மூட்டின் இடைவெளியில் ஆக்ஸா பிளேடைத் தனியாக நுழைத்து, ஆணியை நடுவில் அறுத்துவிட்டால் மூட்டு பிரியும். கடல் காற்று அடிக்கும் ஊர்களில் அந்த ஆணி துருப்பிடித்து மரத்தையும் கருப்பாக்கியிருக்கும். அந்தக் கறை அப்படியே கிடக்கட்டும்.

இனிப் பிரிப்பது. கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியல் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ரப்பர் சுத்தியல். மூட்டுக்கு அருகில் ஒரு மரத்துண்டை வைத்து அதன்மேல் தட்டுங்கள். சட்டம் எந்தத் திசையில் நுழைந்ததோ அதே நேர்கோட்டில் வெளியே வர வேண்டும். முறுக்கிப் பிடுங்கினால் கழுந்து அடியோடு முறியும். வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் வெந்நீரில் நனைத்த துணியை மூட்டைச் சுற்றிக் கட்டி அரைமணி நேரம் விடுங்கள். வச்சிரப் பசை வெந்நீருக்கு இளகிவிடும். பின்னாளில் யாராவது பெவிகால் போட்டிருந்தால் சூடான வினிகரை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து மூட்டில் விட்டுக் காத்திருங்கள். நேரமாகும், ஆனால் இளகும். இப்படிச் செய்யும்போது அந்த இடத்துப் பாலிஷ் வெளுக்கலாம். அதை அப்புறம் சரிசெய்துகொள்ளலாம்.

பிரிந்த பிறகு பழைய பசையை முழுக்க எடுத்தாக வேண்டும். எல்லாரும் அவசரப்படுவது இங்கேதான். பழைய பசையின்மேல் புதுப் பசை ஊறாது, வெறுமனே மேலே உட்காரும். கழுந்தை வெந்நீர்த் துணியால் துடைத்து, மழுங்கிய உளியாலோ பழைய கத்தியாலோ சுரண்டி, மரநிறம் தெரியும்வரை கொண்டுவாருங்கள். துளைக்குள்ளும் அப்படியே. உப்புத்தாள் போட்டுக் கழுந்தைத் தேய்க்காதீர்கள். பசையோடு மரமும் போய் இன்னும் தளர்ந்துவிடும். ஒரு நாள் நிழலில் காயவிட்டு, பசையில்லாமல் ஒருமுறை பூட்டிப் பாருங்கள்.

கையால் அழுத்தும்போது கொஞ்சம் மறுத்து, கொட்டாப்புளியால் இரண்டு தட்டுத் தட்டினால் போய் உட்கார வேண்டும். அதுதான் சரியான இறுக்கம். பொத்தென்று உள்ளே விழுந்தால் இடைவெளி இருக்கிறது. பெவிகால் மாதிரி வெள்ளைப் பசைக்கு இடைவெளியை நிரப்பும் சக்தி கிடையாது. ஆகையால் அதே மரத்திலிருந்து ஒரு மெல்லிய இழைப்புச் சீவலை எடுத்துக் கழுந்தின் பக்கவாட்டில் ஒட்டி, காய்ந்தபின் கத்தியால் சீவிப் பொருத்துங்கள். ரேகை ஒரே திசையில் ஓட வேண்டும். துணியைச் சுற்றிச் செருகுவது, தீக்குச்சியைச் சொருகுவது எல்லாம் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

பசைக்குச் சாதாரண மரவேலைப் பெவிகால் போதும். ஈரம் படும் இடம் என்றால் அதிலேயே மெரைன் வகை. தேக்காக இருந்தால் பசை போடும் முன் கழுந்தையும் துளையையும் அசிட்டோன் அல்லது தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் உடனே ஒட்டுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் உள்ளிருந்து எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். கழுந்து, துளை இரண்டிலும் மெல்லிய பூச்சாகப் போடுங்கள். துளைக்குள் கொட்டி நிரப்பினால் உள்ளே போக இடமில்லாத பசை காலைப் பிளக்கவும் செய்யும்.

பிடித்துவைக்கக் கிளாம்ப் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அப்பா பட்டறையில் பெரும்பாலும் கயிறுதான். நாற்காலிக் கால்களைச் சுற்றிப் பருத்திக் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். கயிறு படும் மூலைகளில் மடித்த துணி வையுங்கள். இரண்டு கயிற்றுக்கும் நடுவில் ஒரு கம்பை நுழைத்து முறுக்க முறுக்க, மூட்டுகள் எல்லாம் ஒரே சீராக உள்ளே இழுபடும். மூட்டின் ஓரத்தில் வரிசையாகப் பசை முத்துமுத்தாக எட்டிப்பார்க்கும். அதோடு நிறுத்துங்கள். கம்பைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டால் அவிழாது.

பசை ஈரமாக இருக்கும்போதே மூன்று காரியம். வழிந்த பசையை ஈரத்துணியால் துளிகூட மிச்சமில்லாமல் துடையுங்கள். காய்ந்துவிட்டால் அந்த இடத்தில் பாலிஷ் ஏறாமல் வெளிறித் தெரியும். இருக்கைச் சட்டத்தின் மூலைக்கு மூலை ஒரு நூலைப் பிடித்து அளந்து பாருங்கள், இரு குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு சமமான தரையில் நிறுத்தி நான்கு காலும் ஊன்றுகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அப்போதே அழுத்தித் திருத்துங்கள். ஒரு முழு நாள் கயிற்றை அவிழ்க்கக்கூடாது. அவிழ்த்த பிறகும் இன்னொரு நாள் யாரும் உட்கார வேண்டாம். மூங்கில் ஆணியைப் புதிதாகச் செதுக்கிப் பழைய துளையில் தட்டி, தலையை உளியால் சீவிவிட்டால் வேலை முடிந்தது.

மாப் தண்ணீரும் நாற்காலிக் கால்களும்

மரச்சாமான்களுக்கு நம் வீடுகளில் வேறெங்கும் இல்லாத ஒரு ஆபத்து உண்டு, தினமும் தரை துடைப்பது. மரத்தின் பக்கவாட்டில் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் ஏறாது. ஆனால் காலின் அடி வெட்டுமுகம் முழுக்க மெல்லிய குழாய்கள், அவை தண்ணீரை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். பாலிஷ் போடுகிறவர்கள் கண்ணுக்குத் தெரியும் இடமெல்லாம் போட்டுவிட்டு அடியைத் தொடமாட்டார்கள். கட்டில் காலின் கடைசி இரண்டு அங்குலம் கருத்து, பிளந்து, உளுத்துப்போவதற்குக் காரணம் இதுதான்.

சாமானைக் கவிழ்த்து, அடியை நன்றாகக் காயவிடுங்கள். கருத்த பகுதி விரலால் அழுத்தினால் அமுங்காமல் இருந்தால் போதும். ஸ்பிரிட் சேர்த்து நீர்த்த அரக்கு பாலிஷைப் பிரஷ்ஷால் அடி வெட்டுமுகத்தில் போடுங்கள். குடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் காயவிட்டு, இனி உறிஞ்சாது என்று பளபளப்பு நிற்கும்வரை போடுங்கள். பிறகு நைலான் குமிழையோ ரப்பர் வட்டத்தையோ பொருத்தினால் மரம் தரையைத் தொடாது. இந்த ஒரு வேலைக்குச் செலவு கொஞ்சம்தான் வரும். இதைச் செய்த கட்டிலுக்கும் செய்யாததற்கும் பத்து வருடத்தில் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

மழைக்காலத்தில் இழைக்காதீர்கள்

எங்களுக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. அலமாரிக் கதவும் மேஜை டிராயரும் இறுகுவது அப்போதுதான். உடனே இழைப்புளியைக் கொண்டுவந்து சீவினால் ஏப்ரலில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. மழை முடியும்வரை டிராயரின் அடிவிளிம்பிலும் அது ஓடும் சட்டத்திலும் வெள்ளை மெழுகுவர்த்தியைத் தேய்த்து ஓட்டுங்கள். உராய்ந்து பளபளக்கும் இடத்தில் மட்டும் பென்சிலால் குறித்து வையுங்கள். வெயில் காலத்திலும் அதே இடம் பிடித்தால் அப்போது லேசாக ஒரு இழை போதும்.

மேற்பலகையில் வெடிப்பு விழுவதும் இதே கதைதான். மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது, அகலவாக்கில்தான் ஊதிச் சுருங்கும். பலகையைச் சட்டத்தோடு நாலு பக்கமும் திருகாணி போட்டு இறுக்கியிருந்தால் சுருங்க வழியில்லாமல் நடுவில் பிளந்துகொள்ளும். பட்டி வைத்து அடைத்தால் அடுத்த கோடையில் பக்கத்தில் பிளக்கும். மேஜையைக் கவிழ்த்து அந்தத் திருகாணிகளைப் பாருங்கள். திருகாணி நுழையும் துளையை அகலவாக்கில் கொஞ்சம் நீளத் துளையாக்கி, வாஷர் போட்டு, இறுக்கிவிடாமல் பிடிப்பாக மட்டும் மாட்டுங்கள். பலநேரம் அதிலேயே வெடிப்பு பாதி மூடும். மிச்சத்துக்கு அதே மரத்தில் ஆப்பு போல ஒரு மெல்லிய சட்டத்தைச் சீவி, பசை தொட்டுச் செருகி, காய்ந்ததும் சமமாகச் சீவிவிடுங்கள். ஏசி அறையில் வெடிப்பு சீக்கிரம் விழும். குளிர்க்காற்று நேராகப் படும் இடத்தில் பழைய மேஜையைப் போடாதீர்கள்.

கறை, பள்ளம், தொய்வு

காபி டம்ளர் வைத்த வெள்ளை வளையம் பூச்சுக்குள் மாட்டிய ஈரம். சில நாள் விட்டால் தானாகவே மறைவதும் உண்டு. மறையாவிட்டால், அரக்கு பாலிஷ் என்று உறுதியானால் மட்டும், பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து நன்றாகப் பிழிந்து, கிட்டத்தட்ட காய்ந்த நிலையில் வளையத்தின்மேல் வீசிவிட்டாற்போல ஒரு இழுப்பு இழுங்கள். அங்கேயே தேய்த்துக்கொண்டிருந்தால் பாலிஷ் கையோடு வரும். இன்னொரு வழி, மெல்லிய துணியில் சலித்த அடுப்புச் சாம்பலை எண்ணெய்ச் சொட்டில் குழைத்து விரலால் மெதுவாகத் தேய்ப்பது.

கருப்பு வளையம் வேறு ரகம். ஈரமும் இரும்பும் சேர்ந்து மரத்தின் துவர்ப்புச் சத்தோடு வினைபுரிந்து விழுந்த கறை அது, மரத்துக்குள்ளேயே இருக்கும். பூச்சை முழுக்க எடுத்துவிட்டு ஆக்ஸாலிக் அமிலம் போட்டால்தான் போகும். ஒரு கப் வெந்நீருக்கு ஒரு தேக்கரண்டி அளவில் பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்து, வளையத்தில் மட்டும் இல்லாமல் பலகை முழுக்கப் பூசுங்கள். இல்லாவிட்டால் அந்த இடம் மட்டும் வெளுத்துத் திட்டாகத் தெரியும். காய்ந்ததும் பலமுறை நல்ல தண்ணீரால் துடைத்தெடுக்க வேண்டும். இது விஷம். கையுறை, கண்ணாடி, முகக்கவசம் மூன்றும் வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக்கூடாது. காய்ந்த பொடியை உப்புத்தாளால் கிளப்பிவிடாதீர்கள்.

எதுவோ விழுந்து பள்ளமாகியிருந்தால் மரம் நசுங்கியிருக்கிறது, போய்விடவில்லை. பள்ளத்தில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஊறவிட்டு, ஈரத்துணியை மேலே போட்டு, இஸ்திரிப்பெட்டியின் முனையால் சில நொடி தொட்டுத் தொட்டு எடுங்கள். ஆவியில் நசுங்கிய நார்கள் எழுந்துவரும். அந்த இடத்துப் பாலிஷ் கெடும், அதனால் புதுப்பாலிஷ் போடும் முன் செய்வது நல்லது.

பிரம்பு பின்னிய இருக்கை தொய்ந்தால் அறுத்துப் புதிதாகப் பின்னும் முன், கவிழ்த்து வைத்து அடிப்பக்கத்தில் வெந்நீர்த் துணியை அரைமணி நேரம் போடுங்கள். மேல்பக்கம் வழவழப்பானது, தண்ணீரை உறிஞ்சாது. நிழலில் காயும்போது பிரம்பு தானாக இறுகும். அறுந்ததற்கு இது உதவாது.

பூச்சி

குண்டூசித் தலை அளவு துளைகளும் கீழே மாவு மாதிரி தூளும் தெரிந்தால் வண்டு. பயந்துவிடாதீர்கள், துளை பழையதாகவும் இருக்கலாம். சாமானுக்கு அடியில் கருப்புக் காகிதம் விரித்து இரண்டு வாரம் விடுங்கள். புதுத் தூள் விழுந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. அந்தச் சாமானை மற்றவற்றிலிருந்து தள்ளிவைத்து, ஹார்ட்வேர் கடையில் மரத்துக்கென்றே விற்கும் பூச்சி மருந்தைச் சிரிஞ்சால் துளைதோறும் ஏற்றி, பூச்சில்லாத அடிப்பக்கம் முழுக்கவும் பிரஷ்ஷால் போடுங்கள். சில வாரம் கழித்து இன்னொரு முறை. பிறகு துளைகளை மெழுகால் அடைத்து, அடிப்பக்கத்துக்கும் பாலிஷ் கொடுங்கள். இந்த வண்டு பூச்சில்லாத மரத்தில்தான் முட்டையிடப் பார்க்கும். மண்ணெண்ணெய் ஊற்றுவது வேண்டாம். ஆவியாகிப் போனபின் அது எந்தக் காவலும் தராது, அதன்மேல் பாலிஷும் நிற்காது, தீப்பிடிக்கும் அபாயம் வேறு.

கரையான் என்றால் சாமானுக்கு மருந்தடித்துப் பயனில்லை. அது பெரும்பாலும் மண்ணிலிருந்து சுவர் வழியாக வருவது. சாமானைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போட்டு, மண்கோடு எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்த்து வீட்டுக்கு வைத்தியம் பாருங்கள்.

எண்ணெய், மெழுகு, பாலிஷ்

ஊஞ்சல் பலகைக்கும் ஈசிசேருக்கும் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கத்தை நிறுத்திவிடுங்கள். அன்றைக்கு மினுமினுக்கும். ஆனால் தேங்காய் எண்ணெய் எத்தனை நாளானாலும் உலர்ந்து கெட்டியாகாது. தூசியைப் பிடித்துக் கருப்பு அழுக்காகும், காறல் வாடை வரும். உலரும் எண்ணெய் வேண்டுமென்றால் ஆளிவிதை எண்ணெய், கடையில் லின்சீட் ஆயில் என்று கேளுங்கள். பூச்சில்லாத மரத்தில் மெல்லியதாகத் தடவி, கால்மணி நேரத்தில் உறிஞ்சாததை எல்லாம் துடைத்துவிட வேண்டும். முக்கியமாக, துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது சூடு வெளிவிடும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

பாலிஷ் நன்றாக இருக்கும் சாமானுக்கு வருடத்தில் இரண்டு முறை மெழுகு போதும். ஒரு பங்கு தேன்மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, அடுப்பை முழுக்க அணைத்து வெளியே கொண்டுவந்த பிறகு மூன்று பங்கு டர்பெண்டைன் சேர்த்துக் கலக்குங்கள். ஆறினால் வெண்ணெய்ப் பதம். துணியில் துளி எடுத்துத் தேய்த்து, கொஞ்ச நேரம் கழித்துக் காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் மினுக்கம் வரும். மற்ற நாட்களில் காய்ந்த துணியே தாராளம்.

பாலிஷ் முழுக்க மங்கிப்போனதற்குத்தான் புதிதாகப் போட வேண்டும். அரக்கு நம் நாட்டுப் பொருள். புரசு, இலந்தை போன்ற மரங்களில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரப்பது. ஜார்க்கண்டில் அதிகம் எடுக்கிறார்கள். ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் 1924-லிருந்தே இதற்கென ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்த அரக்குப் பாலிஷின்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. பின்னால் எப்போது வேண்டுமானாலும் ஸ்பிரிட்டால் கரைத்து எடுத்துவிட முடியும். பிளாஸ்டிக் மாதிரி மரத்தை மூடிக்கொள்ளும் புதுப் பூச்சுகளில் அந்த வசதி கிடையாது.

ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 கிராம் அரக்குச் செதில், கண்ணாடி பாட்டிலில் ஒரு இரவு ஊறவிட்டு, துணியில் வடிகட்டுங்கள். இரும்புப் பாத்திரம் ஆகாது, கருத்துப்போகும். கரைத்துப் பல மாதம் ஆன பாலிஷ் சரியாக உலராது. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு, மறுநாள் நகத்தால் அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். ஸ்பிரிட் ஆவி தீப்பற்றும், தலைக்கும் ஏறும். பூஜை விளக்கு, கொசுவத்தி எதுவும் இல்லாத, காற்றோட்டமான இடமாக இருக்கட்டும்.

பழைய பாலிஷை உப்புத்தாளால் எடுக்காமல், ஸ்பிரிட் நனைத்த துணியால் இளக்கித் துடைத்து எடுங்கள். இத்தனை வருடத்தில் மரம் ஏற்றிக்கொண்ட நிறம் தங்கும். அதன்பின் 180, 240 எண் உப்புத்தாளால் ரேகையோடு லேசாகத் தேய்த்துத் தூசியைத் துடையுங்கள்.

ஒரு பிடி பஞ்சைத் துவைத்துப் பழசான வேட்டித் துணியில் பொதிந்து முறுக்கிப் பிடியுங்கள். பாலிஷைப் பஞ்சில் விட்டு, துணி வழியாகக் கசிவது போல உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள், ஈரம் தெரிய வேண்டும், சொட்டக்கூடாது. பலகையின் ஒரு முனைக்கு வெளியே தொடங்கி, ரேகையோடு வழுக்கி, மறுமுனைக்கு வெளியே போய்த்தான் கை எழ வேண்டும். நடுவில் நின்றால் அந்த இடத்தில் பஞ்சு ஒட்டித் தழும்பு விழும். சில பூச்சுக்குப் பிறகு வட்டமாகவும் எட்டுப் போலவும் ஓட்டலாம். கை இழுத்துப் பிடித்தால் பஞ்சுப் பொதியில் ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய் தொட்டுக்கொள்ளுங்கள். சில மணி நேரம் காயவிட்டு, 400 எண் தாளால் மூச்சுப் பட்டாற்போலத் தேய்த்து, மறுபடி. ஒரே நாளில் முடிக்க நினைக்காமல் மூன்று நான்கு நாளாகப் போட்டால் ஆழம் வரும்.

மழை நாளில் இதைத் தொடவே வேண்டாம். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிரும், காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து பால் கொட்டியது போல வெளுத்துவிடும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, காலை வெயில் ஏறிய பிறகு, நிழலில் போடுங்கள்.

போட்ட பாலிஷ் தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சீக்கிரமே வந்துவிடும். உள்ளே கெட்டியாக ஒரு வாரமாவது ஆகும். அதுவரை மேலே எதையும் வைக்காதீர்கள், தூசி விழுகிறதே என்று செய்தித்தாளும் விரிக்க வேண்டாம், ஒட்டிக்கொண்டு அச்செழுத்து அப்படியே பதியும். ஒரு கொடி கட்டி, பலகையைத் தொடாத உயரத்தில் பழைய சேலை ஒன்றைப் போட்டுவிடுங்கள்.